பத்து சென்டிமீட்டர் பாதை: பாபநாசத்துச் சிறுமிகளுக்கு ஒரு பீம் வேண்டும்

கயிலையில் சிவன் பார்வதி திருமணத்துக்குத் தேவரும் முனிவரும் ஒரே இடத்தில் கூடிவிட, பாரம் தாங்காமல் வடக்கு தாழ்ந்து தெற்கு உயர்ந்தது. உலகைச் சமன்செய்ய அகத்தியரைத் தெற்கே அனுப்பினார் சிவன். அவர் வந்து அமர்ந்த மலை பொதிகை. கல்யாணத்தைப் பார்க்கக் கொடுத்துவைக்காத அந்தக் குறுமுனிக்குச் சிவன் மணக்கோலம் காட்டிய தலம் என்று பாபநாசநாதர் கோயிலைக் கொண்டாடுகிறார்கள். தாமிரபரணி மலையை விட்டுச் சமவெளியில் கால்வைக்கும் பாபநாசத்தில், சமநிலை என்பது பாட்டி சொல்லிப் பேத்தி கேட்ட கதை.

அந்தச் சமநிலையை இன்றைய விளையாட்டு உலகம் சோதிக்கும் இடம் ஒரு கட்டை. நீளம் 5 மீட்டர், அகலம் 10 சென்டிமீட்டர், உயரம் 125 சென்டிமீட்டர். பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸின் நான்கு கருவிகளில் ஒன்றான பேலன்ஸ் பீம். இதன்மேல் ஏறி 90 விநாடிக்குள் ஆட வேண்டும், தாவ வேண்டும், சுழல வேண்டும், பின்பக்கமாகப் பல்டி அடித்து அதே 10 சென்டிமீட்டருக்குள் வந்து நிற்க வேண்டும்.

பீமைப் பற்றிப் பேசும்போதெல்லாம் துணிச்சலைப் பற்றித்தான் பேசுகிறோம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பீம் அசாத்தியத் துணிச்சலைக் கேட்பதைவிட அவசரமில்லாத ஒரு குழந்தைப் பருவத்தைக் கேட்கிறது. தாழ்வான ஒரு கட்டை, விழுந்தால் தாங்கும் மேட், ஊரை விட்டுப் போகாத ஒரு கோச், பத்து வருடப் பொறுமை ஆகிய நான்கையும் நாம் எங்கே கொடுக்கிறோமோ அங்கேதான் பீம் வீராங்கனை பிறப்பாள். அந்த இடம் ஏன் பாபநாசமாக இருக்கக் கூடாது என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி.

90 விநாடிக் கணக்கு

பீமில் ஒரு வீராங்கனைக்கு இரண்டு மதிப்பெண்கள் உண்டு. முதலாவது, எவ்வளவு கடினமானதைச் செய்தாள் என்பதற்கு. செய்தவற்றில் மிகக் கடினமான எட்டு அசைவுகள் கணக்கில் வரும். எளியதற்கு 0.1, அடுத்த நிலைக்கு 0.2 என்று மதிப்பு ஏறிக்கொண்டே போகும். கட்டாயமாக இருக்க வேண்டியவை நான்கு: கால்களை 180 டிகிரி விரிக்கும் தாவல் ஒன்றாவது இடம்பெறும் நடனத் தொடர், ஒற்றைக் காலில் சுழற்சி அல்லது உருளல், இடையில் நிற்காமல் செய்யும் இரண்டு பல்டிகள், முன்பக்கமும் பின்பக்கமுமாக வெவ்வேறு திசையில் பல்டிகள். ஒவ்வொன்றுக்கும் 0.5.

இரண்டாவது, எவ்வளவு சுத்தமாகச் செய்தாள் என்பதற்கு. இது 10இல் தொடங்கிக் கீழே இறங்கும். முழங்கால் லேசாக மடங்கினாலும், பாதம் நீளாமல் போனாலும், தோள் ஒரு கணம் அசைந்தாலும் 0.1 போகும். அசைவு பெரிதானால் 0.3. விழாமலிருக்கக் கையால் பீமைப் பிடித்தால் 0.5. கீழே விழுந்தால் முழுதாக 1 புள்ளி. விழுந்தவள் 10 விநாடிக்குள் மறுபடி ஏறியாக வேண்டும். 80 விநாடி ஆனதும் ஒரு மணி அடிக்கும். அடுத்த பத்து விநாடிக்குள் கீழே குதித்து இறங்கி நிற்க வேண்டும்.

இந்தச் சின்னச் சின்னக் கழிவுகள் என்ன செய்யும் என்பது நம் நாட்டுக்கு நன்றாகத் தெரியும். 2016 ரியோ ஒலிம்பிக்கில் திரிபுராவின் தீபா கர்மாகர் வால்ட் இறுதிச் சுற்றில் 15.066 எடுத்து நான்காவதாக வந்தார். வெண்கலம் வென்ற சுவிட்சர்லாந்தின் ஜூலியா ஸ்டைன்கிரூபர் எடுத்தது 15.216. இடைவெளி 0.150. பீமில் இது ஒரு தோள் அசைவும் கொஞ்சமும்.

ஒரே ஒரு பல்டி, அருகிலிருந்து

பீமில் அடிப்படையான பறத்தல் அசைவு பின்பக்கமாகக் கை ஊன்றி அடிக்கும் பல்டி. ஜிம்னாஸ்டிக்ஸ்காரர்கள் ஃப்ளிக் என்பார்கள். ஒரு விநாடி கூட நீடிக்காத அந்த அசைவைப் பிரித்துப் பார்ப்போம்.

அவள் பீமின் ஒரு முனைக்கு முதுகைக் காட்டி நிற்கிறாள். ஒரு பாதத்துக்குப் பின்னால் மறு பாதம். இரண்டும் ஒரே கோட்டில். கைகள் மேலே, காதோடு ஒட்டியபடி. இடுப்பெலும்பின் இரு முனைகளும் நேராக முன்னே பார்க்கின்றன. ஒரு பக்கம் இடுப்பு திரும்பியிருந்தால் பல்டியும் அந்தப் பக்கமே திரும்பும். கை வந்து ஊன்றும் இடத்தில் பீம் இருக்காது.

முழங்கால் மடங்குகிறது. உடல் பின்னால் சாய்கிறது. விழுந்துவிடப்போகிறாள் என்று நமக்குத் தோன்றும் அந்த நொடியில் பாதம் பீமை உதைத்துத் தள்ளுகிறது. கை பின்னால் போகிறது. தலை சாய்ந்து, கண்ணுக்கு முதல்முறையாகப் பீம் தெரிகிறது. அதுவரை அது எங்கே இருக்கிறது என்பது அவள் உடலுக்கு மட்டும்தான் தெரியும். இரண்டு உள்ளங்கைகளும் நெருக்கமாக, கட்டைவிரல்கள் உரசும்படி ஊன்றுகின்றன. கால்கள் தலைக்கு மேலே விரிகின்றன. முதல் கால் இறங்குகிறது, பின்னாலேயே இரண்டாவது கால். நிமிர்ந்ததும் கண் பீமின் முனையைத் தேடிப் பிடிக்கிறது.

கை ஊன்றாமல் காற்றிலேயே சுருண்டு அடிக்கும் பல்டி இன்னும் கடினம். சுழலின் பெரும்பகுதியில் பீம் கண்ணில் படாது; உடல் விரியும் கடைசித் தருணத்தில்தான் தெரியும். அதற்குள் எந்தக் கால் முன்னே, எந்தக் கால் பின்னே என்பது முடிவாகியிருக்க வேண்டும். அந்த முடிவை மூளை அப்போது யோசித்து எடுக்க நேரமே இல்லை. ஆயிரமாயிரம் முறை தாழ்வான கட்டையில் செய்து செய்து உடலுக்குள் இறங்கிய பழக்கம் எடுக்கும் முடிவு அது.

மேலே நிற்கும்போது நடப்பதும் இதேதான். பாதங்களை முன்னும் பின்னுமாக ஒரே கோட்டில் வைத்தால், பக்கவாட்டில் உடலுக்குக் கிடைக்கும் ஆதாரம் பாதத்தின் அகலம் மட்டுமே. உடலின் எடை மையம் அந்த அகலத்துக்குள் இருக்கும்வரை கணுக்கால் ஒன்றே சமாளித்துவிடும்: உள்ளங்கால் லேசாக இப்படியும் அப்படியும் அழுத்தும், பார்ப்பவருக்குத் தெரியாது. எடை மையம் விளிம்பைத் தாண்டப் பார்த்தால் கணுக்காலால் முடியாது. இடுப்பு மடங்கும், கை வீசும், ஒரு கால் பக்கத்தில் தூக்கும். நடுவரின் பேனா அசைவது அப்போதுதான். நல்ல பீம் வீராங்கனைக்கும் தடுமாற்றம் வரும். அது கணுக்காலிலேயே தொடங்கி அங்கேயே முடிந்துவிடுவதால் நமக்குத் தெரிவதில்லை.

கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் நாற்றுக்கட்டைத் தலையில் வைத்து வரப்பில் நடந்துபோகும் பெண்களுக்கு இதை யாரும் பௌதிகமாகச் சொல்லித் தர வேண்டாம். மழையில் ஊறி வழுக்கும் வரப்பு, ஒரு பாதம் வைக்கவே இடம். "ஏட்டி, காலைப் பாக்காத, எதுத்த வரப்பைப் பாத்து நட" என்பார்கள் பெரியவர்கள். பீமில் ஏறும் குழந்தைக்குக் கோச் சொல்லும் முதல் பாடமும் அதுதான்: காலைப் பார்க்காதே, முனையைப் பார்.

கழைக்கூத்தும் கரகமும்

கோயில் கொடைகளில் கழைக்கூத்தாடிகளைப் பார்த்த தலைமுறை இந்தப் பக்கம் இன்னும் இருக்கிறது. இரண்டு பக்கமும் மூங்கில் நட்டு, நடுவே கயிறு கட்டி, கையில் நீண்ட கழியோடு சிறுமி ஒருத்தி நடந்துபோவாள். அந்தக் கழி அலங்காரத்துக்கு வைத்திருப்பதில்லை. நீளமான கழி உடலோடு சேரும்போது உடல் பக்கவாட்டில் சாயும் வேகம் குறைகிறது. முனைகள் தாழ்ந்து தொங்கினால் எடை மையமும் கீழே இறங்குகிறது. சாய்வைச் சரிசெய்ய அவளுக்குக் கூடுதலாகச் சில கணங்கள் கிடைக்கின்றன. பீமில் நிற்பவளுக்குக் கழி கிடையாது. விரித்த இரண்டு கைகள்தான் அவள் கழி. அந்தக் கையும் நடனத்தின் பாவனையில் அழகாக இருக்க வேண்டும். தடுமாறி வீசினால் புள்ளி போகும்.

கழைக்கூத்துச் சிறுமியின் திறமையை வியந்தோம், தட்டில் காசு போட்டோம், அவளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. வயிற்றுப்பாட்டுக்காகக் கயிற்றில் ஏற்றப்பட்ட குழந்தைகள் அவர்கள். கீழே மேட் இல்லை, காப்பீடு இல்லை, விழுந்தால் பார்க்க மருத்துவர் இல்லை. இன்று ஒரு குழந்தையைக் கட்டையில் ஏற்றுகிறோம் என்றால் அந்தக் கொடுமையின் சாயல்கூட அதில் படியக் கூடாது.

கரகாட்டம் இன்னொரு பாடம். நையாண்டி மேளம் எவ்வளவு வேகமாகப் போனாலும் ஆட்டக்காரரின் கால் பறக்கும், இடுப்பு சுழலும். தலையும் அதன்மேல் கரகமும் அப்படியே நிற்கும். சமநிலையை உணரும் உறுப்பு உள்காதில் இருக்கிறது. தலை நிலையாக இருந்தால் உள்காதும் கண்ணும் மூளைக்குத் தெளிவான செய்தி அனுப்பும். தலை ஆடினால் செய்தி குழம்பும். பீமில் ஒற்றைக் காலில் சுழலும் பெண் கற்க வேண்டிய முதல் ஒழுக்கம் தலையை நிறுத்துவது. நெல்லைச் சீமையின் கலைஞர்கள் தலைமுறைகளாக இதைக் கைவசம் வைத்திருக்கிறார்கள். கரகம் ஆடினால் ஒலிம்பிக் போகலாம் என்று சொல்லவரவில்லை. உடலை நிறுத்தும் கலை இந்த மண்ணுக்கு அந்நியம் இல்லை என்பதைச் சொல்கிறேன்.

பீமில் வென்றவர்கள்

பெண்களுக்குப் பீமில் தனி ஒலிம்பிக் பதக்கம் 1952 ஹெல்சிங்கியில் தொடங்கியது. 1972இல் மியூனிக்கில், 17 வயது ஓல்கா கோர்பட் பீமின்மேல் பின்பக்கமாகச் சுருண்டு ஒரு பல்டி அடித்தார். உலகம் அதிர்ந்தது. அதுவரை நளினமான நடையும் வளைவுமாக இருந்த கருவியின் முகமே மாறிவிட்டது. நான்கு ஆண்டுகள் கழித்து மாண்ட்ரியாலில் ருமேனியாவின் நாடியா கோமனேச்சி, 14 வயதில், மொத்தம் ஏழு முறை முழு 10 வாங்கினார். அவற்றில் மூன்று பீமில். பத்துக்குப் பத்தைக் காட்டத் தெரியாத மின்பலகை 1.00 என்று காட்டியதை இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்ல விரும்பும் பெயர் வேறு. 2016 ரியோவில் பீம் தங்கம் வென்ற நெதர்லாந்தின் சானே வெவர்ஸ். அப்போது அவருக்கு வயது 24. ஜிம்னாஸ்டிக்ஸில் மூத்தவர் என்று சொல்லும் வயது. மற்றவர்கள் பல்டிகளால் மதிப்பை ஏற்றியபோது, அவர் ஒற்றைக் கால் சுழற்சிகளை ஒன்றோடொன்று கோத்துத் தன் ஆட்டத்தைக் கட்டினார். ஆடி முடித்து, உட்கார்ந்து, நோட்டுப் புத்தகத்தை எடுத்துத் தன் மதிப்பெண்ணைத் தானே கூட்டிப்பார்த்தார். நடுவர்கள் தந்தது 15.466. அமெரிக்காவின் சிமோன் பைல்ஸ் அன்று தடுமாறிப் பீமைக் கையால் பிடித்து 14.733உடன் வெண்கலத்தில் நின்றார். உலகின் மிகப் பலமான பல்டிக்காரரைச் சுழற்சியும் கணக்கும் நிதானமும் வென்ற நாள் அது.

பைல்ஸின் கதை இன்னொரு உண்மையைச் சொல்கிறது. 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில், காற்றில் சுழலும்போது உடல் எங்கே இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாமல் போனது. இது கோழைத்தனமில்லை, உடலுக்கும் மூளைக்கும் இடையே தொடர்பு அறுந்துபோகும் நிலை, உயிருக்கே ஆபத்து. பல போட்டிகளிலிருந்து விலகினார். கடைசி நாளில் பீமுக்கு மட்டும் திரும்பி வந்து, உடலை முறுக்கி இறங்கும் வழக்கமான முடிவை விட்டுவிட்டு எளிய இறக்கத்தைத் தேர்ந்து, 14.000 எடுத்து வெண்கலம் வென்றார். இயலாததை இயலாது என்று சொல்லி, இயன்றதைச் செய்து காட்டிய அந்தப் பதக்கத்தை அவருடைய தங்கங்களுக்கு நிகராக மதிக்கிறேன்.

2024 பாரிஸில் பீம் இறுதிச் சுற்று ஒருவர் பின் ஒருவராக வீராங்கனைகளைக் கீழே தள்ளியது. பைல்ஸும் அவருடைய அணித் தோழி சுனிசா லீயும் விழுந்தார்கள். அரங்கம் அளவுக்கு மீறி அமைதியாக இருந்தது தங்களைப் பாதித்ததாக இருவரும் பின்னர் சொன்னார்கள். அதே அமைதியில் விழாமல் ஆடி முடித்த இத்தாலியின் அலிஸ் டமாட்டோ 14.366உடன் தங்கம் வென்றார். பீமில் பாட்டு கிடையாது. பார்வையாளரின் இருமல்கூடக் காதில் விழும். அந்த நிசப்தத்தையும் பயிற்சியில் பழக்க வேண்டியிருக்கிறது.

வால்ட்டில் பதக்கம், பீமில் ஏன் இல்லை?

இந்தியப் பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸின் பதக்கப் பட்டியலைப் பாருங்கள். 2014 கிளாஸ்கோ காமன்வெல்த்தில் தீபா கர்மாகருக்கு வெண்கலம்: வால்ட். 2018 மெல்பர்ன் உலகக் கோப்பையில் ஹைதராபாத்தின் அருணா ரெட்டிக்கு வெண்கலம்: வால்ட். 2019 ஆசியப் போட்டியில் மேற்கு வங்கத்தின் பிரணதி நாயக்குக்கு வெண்கலம்: வால்ட். 2024 மே மாதம் தாஷ்கண்ட் ஆசியப் போட்டியில் 13.566 எடுத்துத் தீபா வென்ற தங்கம், அந்தப் போட்டியில் இந்தியாவுக்கே முதல் தங்கம்: அதுவும் வால்ட்.

பீமுக்கு வாருங்கள். ரியோ தகுதிச் சுற்றில் தீபாவின் வால்ட் 15.100, பீம் 12.866. டோக்கியோவில் பிரணதியின் வால்ட் 13.466, பீம் 9.433. பிரணதி கொரோனாவில் முடங்கிய பயிற்சிக்கு இடையே, கடைசி நேரத்தில் இடம் கிடைத்துப் போனவர் என்பதை மறக்கக் கூடாது. ஆனாலும் இடைவெளி பேசுகிறது. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில், முழங்கால் வலியோடு பீம் இறுதிச் சுற்றில் ஆடிய தீபா 12.500 எடுத்து ஐந்தாவது வந்தார். இந்தியப் பெண் ஒருத்தி பீமில் அவ்வளவு தூரம் வந்தாள் என்பதே எவ்வளவு பெரிய செய்தி! அன்று அதைக் கொண்டாடியவர்கள் குறைவு.

காரணம் தேடித் தொலைவு போக வேண்டாம். வால்ட் என்பது ஓட்டம், உதை, பறத்தல், இறக்கம். சில விநாடியில் முடிந்துவிடும். இரண்டே வால்ட்டுகளைச் செப்பம் செய்தால் இறுதிச் சுற்றில் நிற்கலாம். காலில் வலுவுள்ள ஒரு பெண்ணைச் சற்றுத் தாமதமாகப் பிடித்தாலும் கடும் உழைப்பால் மேலே கொண்டுவரலாம். தீபா அடித்த ப்ரொடுனோவா என்ற வால்ட் வகையை 'மரண வால்ட்' என்று பத்திரிகைகள் எழுதின. வசதியின்மையைத் தன் உடலைப் பணயம் வைத்து ஒரு பெண் தாண்டிய கதை அது. அந்த வீரத்துக்குத் தலைவணங்குகிறேன். ஆனால் நாம் ஏற்படுத்தித் தராத வசதியை ஒரு பெண் தன் உயிரைக்கொண்டு ஈடுகட்டினாள் என்றால், அதில் பெருமைப்பட நமக்குப் பங்கு குறைவு.

பீமில் அந்தக் குறுக்குவழி இல்லை. எட்டு அசைவுகள், நான்கு கட்டாயங்கள், 90 விநாடி முழுக்க ஒரே கவனம். ஆறு வயதில் கோட்டில் நடக்கப் பழகிய கால்தான் பதினாறு வயதில் பல்டிக்குப் பிறகு அசையாமல் நிற்கும். இடையிலுள்ள பத்து வருடத்தை எந்தத் தேசிய முகாமும் மூன்று மாதத்தில் ஊட்டிவிட முடியாது.

அகர்தலா சொல்லும் பாடம்

டெல்லியிலிருந்தும் மும்பையிலிருந்தும் வெகுதொலைவில், வடகிழக்கின் மூலையிலிருக்கும் அகர்தலாவிலிருந்து எப்படி ஒரு தீபா வந்தார்? 1960களில் ஹரியானாக்காரரான தலிப் சிங் அங்கே போய் ஜிம்னாஸ்டிக்ஸ் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். அவர் பார்வையில் வளர்ந்த மண்டு தேப்நாத், ஜிம்னாஸ்டிக்ஸுக்காக அர்ஜுனா விருது பெற்றார். தலிப் சிங் உருவாக்கியவர்களில் இன்னொருவர் பிஷ்வேஷ்வர் நந்தி. அந்த நந்திதான் தீபாவின் கோச். ஒரு கோச் ஒரு ஊருக்குப் போனார், அங்கேயே வேர்விட்டார். அரை நூற்றாண்டு கழித்து ஒலிம்பிக் இறுதிச் சுற்றில் ஒரு பெண் நின்றாள்.

வசதி? தீபா தொடங்கிய காலத்தில் பழைய ஸ்கூட்டர் உதிரிபாகங்களால் செய்த ஸ்பிரிங்போர்டில் பழகினார்கள். மேட்டுகளை அடுக்கி வால்ட் மேசையாக்கினார்கள். மழைக்காலத்தில் பயிற்சிக் கூடத்தில் தண்ணீர் புகுந்தது. தட்டைப் பாதம் கொண்ட அந்தச் சிறுமிக்குப் பாதத்தில் வளைவு கொண்டுவரவே நந்தி பாடுபட்டார். ஜிம்னாஸ்டிக்ஸுக்கு ஒவ்வாத பாதம் என்று ஒதுக்கியிருந்தால் அந்தக் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

நம் மாநிலத்திலேயே விழுப்புரம் இருக்கிறது. மல்லர் கம்பம் என்றால் தமிழ்நாட்டில் எல்லோரும் விழுப்புரத்தைச் சொல்கிறார்கள் என்றால், அங்கே விடாமல் பிள்ளைகளைக் கம்பத்தில் ஏற்றிய ஆசிரியர்கள்தான் காரணம். பக்கத்து இலங்கையிலிருந்து மில்கா கெஹானி டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜிம்னாஸ்டிக்ஸ் ஆடினார்; அந்நாட்டிலிருந்து இந்த விளையாட்டுக்காக ஒலிம்பிக் போன முதல் ஆள் அவர். பெரிய நகரமும் பெரிய நாடும் இருந்தால்தான் முடியும் என்ற வாதம் நிற்காது.

தாமிரபரணிக் கரையும் விளையாட்டுக்குப் புதிதில்லை. 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற கபடி அணியில் ஆடிய மணத்தி கணேசன் தூத்துக்குடி மாவட்டக் கிராமத்துக்காரர். கபடிக்கு மண்ணும் கோடும் போதும். அதனால் கிராமமே வீரரை வளர்த்துவிட்டது. ஜிம்னாஸ்டிக்ஸுக்குக் கருவி வேண்டும், மேட் வேண்டும், கற்றுக்கொடுக்கத் தெரிந்தவர் வேண்டும். கிராமம் தன்னால் தர முடியாத அந்த மூன்றையும் அரசும் சமூகமும் தர வேண்டும்.

கை கால் ஒடிஞ்சா?

விக்கிரமசிங்கபுரத்திலோ பாபநாசத்திலோ ஒரு தாயிடம் போய், உங்கள் பெண்ணைப் பீமில் ஏற்றலாமா என்று கேட்டால் வரக்கூடிய பதில் எனக்குத் தெரியும். "பொம்பளப் பிள்ள, கை கால் ஒடிஞ்சா யாரு பொறுப்பு?" நியாயமான கேள்வி. இதற்குப் பதில் சொல்லாமல் குழந்தையைக் கேட்க நமக்கு உரிமை இல்லை.

பதில் இதுதான்: 125 சென்டிமீட்டர் உயரத்தில் எந்தக் குழந்தையும் தொடங்குவதில்லை. முதலில் தரையில் போட்ட ஒரு கோடு. பிறகு தரையோடு படிந்த கட்டை. அடுத்து முழங்கால் உயரத்துக்கும் குறைவான பீம். ஒவ்வொரு அசைவும் கோட்டில் சரியாக வந்தால் கட்டைக்கு, கட்டையில் சரியாக வந்தால் தாழ்ந்த பீமுக்கு. உயரமான பீமிலும் முதலில் இருபக்கமும் மேட்டுகளை மேல்மட்டம் வரை அடுக்கிவிடுவார்கள். குழந்தை தேறத் தேற ஒவ்வொன்றாக எடுப்பார்கள். விழுவது எப்படி என்பதையே தனிப் பாடமாகச் சொல்லித்தருவார்கள்: கையை ஊன்றாமல், உடலைச் சுருட்டி, உருண்டு போவது.

காயத்தைவிடப் பெரிய ஆபத்தும் இந்த விளையாட்டில் இருந்தது. அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் அணியின் மருத்துவர் லாரி நாசர், சிகிச்சை என்ற பெயரில் சிறுமிகளிடம் ஆண்டுக்கணக்கில் பாலியல் வன்கொடுமை செய்தார். 2018இல் அவருக்குத் தண்டனை விதித்த நீதிமன்றத்தில் 150க்கும் மேற்பட்ட பெண்கள் எழுந்து பேசினார்கள். பதக்கத்துக்காகக் குழந்தைகளின் வாயை அடைக்கும் வழக்கம்தான் அந்தக் குற்றத்துக்குக் கதவைத் திறந்துவிட்டது. இங்கே ஒரு பயிற்சிக் கூடம் வருமானால் அதன் கதவு பெற்றோருக்கு எப்போதும் திறந்திருக்க வேண்டும். பெண் கோச் இருக்க வேண்டும். குழந்தையின் எடையைச் சொல்லிக் கேலி செய்யக் கூடாது, பட்டினி போடக் கூடாது. வலிக்கிறது என்றால் நிறுத்த வேண்டும், பயமாக இருக்கிறது என்றால் ஒரு படி கீழே இறக்கிக் கற்றுக்கொடுக்க வேண்டும். சர்வதேசச் சீனியர் போட்டிக்கு 16 வயது ஆக வேண்டும் என்பது விதி. ஆகவே பத்து வயதில் பிழிந்தெடுக்க எந்த அவசரமும் இல்லை.

எங்கே தொடங்குவது?

பாபநாசத்திலிருந்து பாளையங்கோட்டை அண்ணா விளையாட்டு அரங்கத்துக்குப் போக ஏறத்தாழ 50 கிலோமீட்டர். ஆறு வயதுப் பிள்ளை பள்ளி முடிந்து பஸ் ஏறி, பயிற்சி முடித்துத் திரும்பினால் நடு இரவாகும். வாரத்தில் ஐந்து நாள் இது நடக்காது. பதின்வயதில் மாவட்டத் தலைநகருக்குப் போகலாம். தொடக்கப் பயிற்சி குழந்தை நடந்து போகும் தூரத்தில் இருந்தாக வேண்டும்.

தலைமுறைகளாக மில் சங்கு கேட்டு எழுந்த ஊர் விக்கிரமசிங்கபுரம். அதைச் சுற்றியுள்ள கிராமங்களில் அம்மாக்கள் பீடி சுற்றியும் வயலில் இறங்கியும் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார்கள். இவர்களிடம் கட்டணம் கேட்கும் பயிற்சி மையம் தொடங்கிய அன்றே பாதிக் குழந்தைகளை இழந்துவிடும். ஆகவே அரசுப் பள்ளிதான் இடம்.

முதல் வருடத்துக்கு வேண்டியது பெரிய கூடம்கூட இல்லை. காற்றோட்டமான ஒரு வகுப்பறை, தரையில் பத்து சென்டிமீட்டர் அகலத்தில் வரைந்த கோடுகள், 5 மீட்டர் நீளத்தில் இழைத்துத் துணி சுற்றிய தாழ்வான கட்டைகள், நல்ல மேட்டுகள். உள்ளூர்த் தச்சர் செய்யக்கூடியதை அவரிடம் கொடுக்கலாம். மேட்டில் மட்டும் சிக்கனம் பார்க்கக் கூடாது. குழந்தையின் கழுத்தையும் முதுகெலும்பையும் தாங்கப்போவது அதுதான். உயரமான பீமை அங்கீகரிக்கப்பட்ட தயாரிப்பாளரிடம்தான் வாங்க வேண்டும்.

ஒன்றாம் வகுப்பிலிருந்து விருப்பமுள்ள எல்லாக் குழந்தைகளும் வரட்டும். கோட்டில் நடக்கட்டும், குதிங்கால் தூக்கி நிற்கட்டும், ஒற்றைக் காலில் பத்து எண்ணட்டும், கைகளில் தலைகீழாக நிற்கப் பழகட்டும். இவர்களில் பெரும்பாலோர் போட்டிக்கே போக மாட்டார்கள். அதனால் நஷ்டம் ஒன்றுமில்லை. நிமிர்ந்த முதுகும், பயத்தை அளந்து பார்க்கத் தெரிந்த மனமும், விழுந்தால் எழத் தெரிந்த உடலும் அவர்களுக்கு வாழ்நாள் முழுக்க மிஞ்சும். பெரியவளானதும் ஆணின் கண்ணுக்குப் பயந்து தோளைக் குறுக்கி நடக்கும் பழக்கம் நம் பெண்களில் எத்தனை பேருக்கு! பீமில் தோளைக் குறுக்கினால் நிற்கவே முடியாது.

எல்லாவற்றையும்விட முக்கியம் கோச். முறையாகப் பயின்ற ஒருவரை அரசு இங்கே பணியமர்த்த வேண்டும். குறைந்தது பத்து ஆண்டுகள் மாற்றல் இல்லாமல் இருக்க விட வேண்டும். வீடும் ஊதியமும் மரியாதையும் கொடுத்து, ஊர்க்காரர்கள் அவரைத் தங்களவராக ஆக்கிக்கொள்ள வேண்டும். மூன்று மாத முகாம், ஆறு மாத ஒப்பந்தம், கோடை விடுமுறைச் சிறப்பு வகுப்பு இவையெல்லாம் கபடிக்குக்கூடப் போதாது; பீமுக்கு எந்த வகையிலும் உதவாது. பத்து ஆண்டுகளில் ஒரு மாநிலப் பதக்கம்கூட வராமல் போகலாம். அதற்காகக் கூடத்தைப் பூட்டிவிடக் கூடாது. தலிப் சிங் தொடங்கியதற்கும் தீபா ரியோவில் நின்றதற்கும் நடுவே ஐம்பது ஆண்டுகள்.

சட்டமன்ற உறுப்பினர் நிதி, மாவட்ட விளையாட்டு அலுவலகம், ஆலைகளின் சமூகப் பொறுப்பு நிதி என்று வழிகள் உண்டு. இவற்றில் எந்தக் கதவைத் தட்டினாலும் முதலில் கேட்பார்கள்: "இந்த ஊரில் இதற்கு ஆள் இருக்கிறதா?" அம்பாசமுத்திரம் வட்டத்தின் அரசுப் பள்ளி ஆசிரியர்களும் பெற்றோர் ஆசிரியர் கழகங்களும் இந்தக் கல்வியாண்டிலேயே தரையில் முதல் கோட்டைப் போட்டு, இருபது சிறுமிகளை அதில் நடக்க விட்டு, அந்தக் கேள்விக்குப் பதிலைக் கையோடு கொண்டுபோகலாம். அந்தக் கோட்டுக்கு ஆகும் செலவு ஒரு டப்பா பெயின்ட்.